உறவுக்காரரின் செவ்வாய்க்கிழமை

சிங்கப்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ ஒரு சொந்தக்காரர் ராயபுரத்துக்கு வந்து இறங்கினால் நாம் அவரை எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சற்று யோசித்துப் பாருங்கள். மெரினா, தி.நகர், ஒரு பெரிய மால், நேரமிருந்தால் மாமல்லபுரம். ஒரு வாரம் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர், விடிவதற்கு முன்பே காசிமேட்டில் படகுகள் வந்து அணைந்து மீன் ஏலம் போவதைப் பார்த்திருக்க மாட்டார். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணி எடுத்திருக்க மாட்டார். பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச்சில் மாலை நேரத்தில் கடைக்காரர் கையால் பிசைந்து தரும் அத்தோவை ருசித்திருக்க மாட்டார். இவற்றை நாம் வேண்டுமென்று மறைப்பதில்லை. தினமும் நாம் புழங்கும் இடம் விருந்தாளிக்குக் காட்டத் தகுந்தது என்று நமக்குத் தோன்றுவதே இல்லை, அவ்வளவுதான். நாம் அங்கே போகும்போது அவர்களும் இதையேதான் நமக்குச் செய்கிறார்கள். சென்டோசா, மெரினா பே, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் என்று, படங்களில் பார்த்துப் பழகிப்போன இடங்களுக்கே கூட்டிப்போகிறார்கள். பையும் போனும் நிறைந்து திரும்புகிறோம். அத்தை மகன் அங்கே எப்படி வாழ்கிறான் என்று யாராவது கேட்டால் நமக்குச் சொல்லத் தெரிவதில்லை.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் புறப்படுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பார்க்க வேண்டிய இடம் எது என்று கேட்காதீர்கள், போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். 'செவ்வாயோ வெறுவாயோ' என்று நம் வீடுகளில் எந்த நல்ல காரியத்தையும் தள்ளிப்போடும் நாள் அது. அங்கேயும் அது விசேஷம் இல்லாத வேலை நாள். அந்த நாளில் அவர்கள் காலையில் எங்கே பசியாறினார்கள், வேலை முடிந்து வரும் வழியில் எந்தக் கடையில் நின்றார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் பசித்தால் எங்கே இறங்கிப் போனார்கள் என்ற மூன்று கேள்விக்கும் கிடைக்கும் பதில்தான் உங்கள் பயணத் திட்டம். தெருச் சாப்பாடு, கடைத்தெரு, ராத்திரி நேரம் ஆகிய மூன்றும் ஓர் ஊர் விருந்தாளிக்காக உடை மாற்றிக்கொள்ளாத இடங்கள். அவற்றை ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை விட அங்கே குடியிருக்கும் உங்கள் சித்தப்பா நன்றாக அறிவார். உறவு என்ற அந்தக் கொடுப்பினையை விட்டுவிட்டு, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் சுற்றுலாவை மட்டும் முடித்துக்கொண்டு வருவது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

வடசென்னைக்காரருக்கு இதைப் புரியவைக்கத் தூரத்து உதாரணம் வேண்டாம், அத்தோவே போதும். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகள் தேசியமயமாயின, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கே பிழைத்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. வியாசர்பாடிப் பக்கமும் அவர்கள் குடியேறினார்கள். அவர்களோடு வந்த அத்தோவின் பெயர், கலந்து பிசைந்த பண்டத்தைக் குறிக்கும் பர்மியச் சொல்லிலிருந்து வந்தது. கடையில் நின்று பார்த்தால் பெயரின் பொருத்தம் தெரியும். கடைக்காரர் தடித்த ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கை அள்ளி அகலமான பாத்திரத்தில் போடுவார். மெல்லிசாக நறுக்கிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு மணக்கும் எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் விழும். கடைசியில் மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டு விரல்களாலேயே நாலு புரட்டு. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவில் அது மீன் கரைத்த மொஹிங்கா. நம்மூர் வண்டிக்கு வந்தபோது மீன் போய் தண்டு மட்டும் நின்றது. ஒரு நாட்டின் அரசியல், ஒரு கூட்டத்தின் இழப்பு, புது ஊரின் நாக்குக்கு ஏற்ப அவர்கள் செய்துகொண்ட மாற்றம் எல்லாம் அந்தத் தட்டில் இருக்கின்றன. இதையெல்லாம் எந்த மாலும் வெளியூர்க்காரருக்குச் சொல்லாது.

இதே கதையின் மறுபக்கம் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிடக்கிறது. மதராஸிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலா கப்பல் 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1980-களின் நடுவில் அது தீப்பற்றிய துயரத்தோடு அந்தத் தடமும் முடிந்தது. அந்தக் கப்பல்களில் போன நம் மனிதர்களின் நாக்கும் அடுப்பும் அங்கே புதுப் பண்டங்களைப் பெற்றெடுத்தன. பினாங்கின் நாசி கந்தர் என்பது தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிக் கட்டை போட்டு இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. கந்தர் என்ற சொல்லே அந்தத் தோள் சுமையைக் குறிப்பது. சீனரின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து நம்மவர்கள் மிளகாயும் உருளைக்கிழங்கும் சேர்த்து வறுத்ததுதான் மீ கோரெங். ஆட்டு எலும்பைச் சிவந்த குழம்பில் வேகவைத்து மஜ்ஜையை உறிஞ்சிச் சாப்பிடும் சூப் துலாங்கும் சிங்கப்பூரின் இந்திய முஸ்லிம் கடைகளில் பிறந்தது. சிங்கப்பூர் மீன் தலைக் கறியை 1949-இல் முதலில் விற்றவர் கேரளத்திலிருந்து போன எம்.ஜே. கோமஸ் என்பவர். காசிமேட்டு வீடுகளில் தலையைப் போடாமல் மீன் குழம்பு இறங்காது. அங்கே அதே தலையை ஒரு பெரிய சட்டியில் தனியாக வைத்துச் சீனர்களும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கிறபோது, கடல் தாண்டிய மனிதன் எதை விட்டான், எதை விடவில்லை என்பது புரியும்.

சிங்கப்பூரில் தெருச் சாப்பாடு தெருவில் இருக்காது. அது கிடைக்கும் இடத்துக்கு உணவங்காடி நிலையம் என்று பெயர். ஒரே கூரையின் கீழ் பல பத்துக் கடைகள், நடுவில் பொது மேசைகள். இந்தப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தன் பட்டியலில் சேர்த்தது. போகிறவர் அங்கே சில பழக்கங்களைத் தெரிந்துகொண்டு போனால் உறவினருக்குச் சங்கடம் வராது. மேசை மேல் ஒரு சிறு டிஷ்யூ பொட்டலமோ குடையோ இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு உட்காராதீர்கள். கூட்டம் அதிகமாக நிற்கும் கடையில் நீங்களும் நில்லுங்கள், அந்த வரிசையில் நிற்பவர்கள் அந்த வட்டாரத்துக்காரர்கள். சாப்பிட்டதும் தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே இது சட்டம், மீறுகிறவருக்கு எச்சரிக்கையும் அபராதமும் உண்டு. ஹலால் தட்டுக்கும் மற்றத் தட்டுக்கும் தனித்தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெற்றோர் நினைவில் வைக்க வேண்டிய சொல் 'கோசோங்'. வெறும் கோப்பி கேட்டால் இனிப்பான டின் பாலோடு வரும். 'கோப்பி ஓ கோசோங்', 'தே ஓ கோசோங்' என்று கேட்டால்தான் பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். பணத்தைத் தமிழில் 'வெள்ளி' என்று சொன்னால் தமிழ்க் கடைக்காரருக்கு உடனே புரியும். இந்தச் சின்னச் சொற்களைப் பழகிக்கொள்வதுகூட அங்கே வாழும் நம்மவர்மீது காட்டும் மரியாதைதான்.

தெருச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது, வெளியூர் போய்ப் படுத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் அந்த உணவங்காடிகள் எப்படி வந்தன என்பதில் பதில் இருக்கிறது. சிங்கப்பூரும் ஒரு காலத்தில் தள்ளுவண்டிகளும் திறந்த சாக்கடையும் நிறைந்த ஊர்தான். 1968-69இல் அரசு தெருவோர வியாபாரிகள் எல்லோரையும் பதிவு செய்து உரிமம் கொடுத்தது. 1970-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளில் நிலையங்களைக் கட்டி, குழாய்த் தண்ணீர், கழிவுநீர் வழி, குப்பைத் தொட்டி, கூரை எல்லாம் செய்து அவர்களை உள்ளே கொண்டுவந்தது. வண்டிக்காரரை விரட்டாமல் வண்டிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில், 1969-இல், இங்கே தமிழக அரசு பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு ராஜாஜி சாலையோரம் வரிசையாகக் கடை போட இடம் கொடுத்தது. அதுதான் பர்மா பஜார். பிழைப்பு தேடி வந்தவனுக்கு முறையாக ஓர் இடம் கொடுத்தால் அவன் தலைமுறைக்கும் நின்றுவிடுவான் என்பதற்கு இரண்டு துறைமுகங்களும் சாட்சி. ஆனால் அத்தோ வண்டிக்குக் குழாயும் வடிகாலும் கூரையும் நாம் இன்னும் கொடுக்கவில்லை. 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்த பிறகும் நம் தெருக்களில் அந்த வேலை பாதியில்தான் நிற்கிறது. உணவங்காடியில் உட்கார்ந்து சாப்பிடும் வடசென்னைக்காரர் அங்கிருந்து கொண்டுவர வேண்டிய முதல் பொருள் இந்த யோசனை. வயிற்றைப் பொறுத்தவரை, கடை முன்னால் மாட்டியிருக்கும் சுகாதாரச் சான்றைப் பாருங்கள், கண்ணெதிரே சூடாகச் செய்வதை வாங்குங்கள், முதல் நாளே பத்துப் பண்டத்தைக் கலக்காதீர்கள்.

மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பன்றிக்கொழுப்பு கலந்துவிடுமோ என்ற தயக்கம் வேறு. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை யாரும் கேலி செய்யக்கூடாது, மறைக்கவும் வேண்டாம். அந்த ஊர்கள் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் ஒரே மேசையில் உட்காரப் பழகிய ஊர்கள். எதைச் சாப்பிட மாட்டோம் என்று சொல்வது அங்கே அன்றாடப் பேச்சு, யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முஸ்லிம்கள் ஹலால் சான்று பார்த்து உட்காரலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் சீனச் சைவக் கடைகளையும் தேடலாம். அங்கே பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்காத கடைகள் உண்டு. மலாய்ச் சமையலில் காய்கறிப் பண்டத்திலும் உலர்ந்த இறால் விழுது சேர்ப்பது வழக்கம் என்பதால், கறி இல்லையா என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல் இறாலும் இல்லையா என்று கேட்டுவிடுவது நல்லது. இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருந்தால், முதல் இரண்டு வேளையும் உறவினர் வாடிக்கையாகச் சாப்பிடும் கடையிலேயே தொடங்குங்கள். அவர்களுடைய செவ்வாய்க்கிழமையைப் பின்பற்றச் சொல்வதில் இந்த வசதியும் இருக்கிறது. அவர்கள் உங்கள் வீட்டு வழக்கத்தை அறிந்தவர்கள், உங்களுக்கு முன்பே அந்தக் கேள்விகளைக் கேட்டு முடித்தவர்கள்.

இதைவிடக் கடினமான மறுப்பு, விருந்தோம்பல் சம்பந்தப்பட்டது. வீட்டில் சித்தி காலையிலிருந்து சமைத்து வைத்திருக்கும்போது கீழே போய் கடையில் சாப்பிடலாம் என்றால் அவர் மனம் நோகாதா? செலவழித்து பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போகிற மாப்பிள்ளையிடம், ஐந்தாறு வெள்ளி சாப்பாட்டுக் கடை போதும் என்றால் அவருடைய நிலையைக் குறைத்துப் பேசியதாகாதா? நோகலாம், ஆகலாம். அதனால்தான் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். வெளியே சாப்பிடலாமா என்பதற்கும், நீங்கள் வேலைக்குப் போகும்போது தினமும் பசியாறும் கடையில் ஒரு நாள் உங்களோடு உட்கார வேண்டும் என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முன்னது அவர் சமையலை விலக்குகிறது, பின்னது அவர் வாழ்க்கையைக் கேட்கிறது. அங்கே பலர் அதிகாலையில் பஸ் பிடித்து, ஷிப்ட் பார்த்து, அடுக்குமாடி வீட்டின் தவணை கட்டி வாழ்கிறார்கள். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் அந்தக் கஷ்டத்தைக் காட்டாமல் இருப்பதே கௌரவம் என்று நினைக்கிறார்கள். அவர்களுடைய அன்றாடத்தை நாமே கேட்டு வாங்கும்போது அந்தப் பாரம் சற்று இறங்குகிறது. செலவும் குறைகிறது, லீவு போட வேண்டிய நாளும் குறைகிறது. விருந்தாளி வந்து போன பிறகு கடன் அட்டை பில்லைப் பார்த்து மூச்சு வாங்கும் நிலை எந்த உறவுக்கும் நல்லதல்ல. ஒரு வேளை சமையலறையில் சித்தியோடு, ஒரு வேளை அவர்கள் வழக்கமான கடையில் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு மரியாதையும் நிற்கும்.

கடைத்தெருவுக்கு வருவோம். ஒரு காலத்தில் வெளிநாடு போய் வருவதென்றாலே பாரின் சாமான் என்று பொருள். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த நாட்களில் சென்ட், டார்ச், டேப் ரிக்கார்டர், கோடாலித் தைலம் எல்லாம் அரிய பொருட்கள், பர்மா பஜாரின் பெயரும் அதில்தான் வளர்ந்தது. 1991-க்குப் பிறகு அந்தக் காரணம் போய்விட்டது, ஆனால் பழக்கம் மட்டும் பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறது. சென்னையிலேயே கிடைக்கும் சாக்லேட்டையும் சோப்பையும் எடை பார்த்துப் பார்த்து அடைத்து வருகிறோம். செவ்வாய்க்கிழமை விதியை இங்கேயும் வைத்துப் பாருங்கள். உறவினர் வீட்டு அடுக்களையில் தினம் புழங்குவது என்ன? ரொட்டியில் தடவும் கயா, மீ கோரெங்குக்கான விழுது, கோப்பி வடிகட்டும் துணிப்பை, வீட்டில் கட்டும் கைலி. கைலியை எடுக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: மலாய்க்காரர்கள் கட்டங்கள் போட்ட அந்தத் துணியை 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது எண்ணூருக்கு வடக்கே இருக்கிற நம் பழவேற்காடு. ஆங்கிலேயர் மதராஸில் கோட்டை கட்டுவதற்கு முன்பே பழவேற்காட்டிலிருந்து கிழக்கே கப்பலேறிய துணியின் பெயர் அது. டைகர் பாமும் இப்படி ஊர் மாறியதுதான். ரங்கூனில் பிறந்து 1920-களில் சிங்கப்பூருக்குப் போன சீனக் குடும்பத்தின் மருந்து அது. இப்படி ஒரு கதையோடு வரும் ஒரு பொருள், பெட்டி நிறைய வரும் சோப்பை விட வீட்டில் நெடுநாள் பேசப்படும்.

சிங்கப்பூரில் தேக்கா சந்தையைத் தவறவிடாதீர்கள். கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும், மேலே துணிக்கடைகள். கல்மண்டபம் மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழகிய கண்ணுக்கு அந்த மீன் வரிசை உடனே பிடிபடும். வஞ்சிரமும் இறாலும் நண்டும் அங்கேயும் இருக்கும், வெட்டும் முறையும் வாங்குகிறவரின் மொழியும்தான் மாறும். முஸ்தபா என்ற பெரிய பல்பொருள் கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும், ஆனால் பட்டியல் இல்லாமல் நுழைந்தால் பணப்பை காலியாகிவிடும். எனவே என்ன, யாருக்கு, எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். பதிவு செய்த கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் சுற்றுலாப் பயணிகள் அங்கே கட்டிய ஜிஎஸ்டி வரியைச் சாங்கி விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம், அதற்குக் கடவுச்சீட்டைக் காட்டி ரசீது வாங்க வேண்டும். தங்கம் பற்றித் தெளிவு வேண்டும்: நகைக்கான தனிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவருக்குத்தான், பத்து நாள் போய் வருகிறவருக்கு இல்லை. இங்கிருந்து நிறைய நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள் புறப்படும்போதே சுங்கத்தில் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது விளக்கம் சொல்லி நிற்க வேண்டாம். இங்கிருந்து கொண்டுபோவதிலும் கவனம் தேவை. கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள், மசாலாவில் அரைத்துப் போட்டிருந்தாலும் சிக்கல் வரலாம். மெல்லும் புகையிலை, மின் சிகரெட் இரண்டும் கூடாது. யாராவது கொடுத்துவிடச் சொல்லும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். போதைப்பொருள் விஷயத்தில் சிங்கப்பூர், மலேசியா இரண்டு நாடுகளின் சட்டமும் உயிரைக்கூட எடுக்கும்.

ராத்திரி என்றதும் பலருக்கு மனத்தில் வருவது மது அருந்தும் இடமும் ஆட்டமும்தான். குடும்பத்தோடு போகிறவர்கள் அதனால் ஒன்பது மணிக்கே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர் மக்கள் இப்படி நினைக்க வேண்டியதில்லை. அசோக் லேலண்டும் எம்.ஆர்.எஃபும் மூன்று ஷிப்ட் ஓடிய இந்தப் பகுதியில் ராத்திரி என்பது வேலை நேரம். துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள், ஷிப்ட் விட்டு வருகிறவருக்கு டீ ஆற்றும் கடை, இரண்டு மூன்று மணிக்கே விழித்துவிடும் மீன்பிடித் துறைமுகம், இவைதான் நம் இரவு. அந்த ஊர்களின் இரவும் பெரும்பாலும் இப்படித்தான். மலேசியாவில் இந்திய முஸ்லிம்கள் நடத்தும், விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடையில் மூன்று இனத்தவரும் ஆற்றிய தே தாரிக் குடித்துக்கொண்டு கால்பந்து பார்ப்பார்கள். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பேட்டையில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கூடும். சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று நள்ளிரவை ஒட்டியே சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் புறப்பட்டு டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடக்கும். இவை எல்லாமே இரவு வாழ்க்கைதான், குழந்தையையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகக்கூடியவை. நேரமும் நமக்குச் சாதகம். அங்கே கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே பதினொன்றரை ஆகும்போது நம் உடம்புக்கு ஒன்பது மணிதான். எனவே முதல் இரண்டு மூன்று நாளை இரவு நடைக்கும், உடம்பு பழகிய கடைசி நாட்களைக் காலைச் சந்தைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிய கேள்வியைத் தள்ளிவிட முடியாது, முக்கியமாகப் பெண்களும் முதியவர்களும் போகும்போது. சிங்கப்பூரில் பெண்கள் இரவில் தனியாக நடமாடுவது சாதாரணம் என்றாலும் புது ஊர் புது ஊர்தான். எம்ஆர்டி ரயில் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும், கடைசி வண்டியின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வெளியே இறங்குங்கள். உறவினர் வீட்டின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். அங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு உண்டு, வழி தவறிய பெரியவர் அதை மட்டும் டாக்ஸிக்காரரிடம் காட்டினால் வாசலில் இறக்கிவிடுவார். குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது, கடையில் வாங்கிச் செல்லவும் முடியாது. தேக்கா சந்தை இருக்கும் லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 2013 டிசம்பர் 8 அன்று தமிழகத் தொழிலாளி ஒருவர் பஸ் மோதி இறந்ததைத் தொடர்ந்து அங்கே கலவரம் நடந்தது, அதன் பிறகே இந்தச் சட்டம் 2015-இல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போகிறவர்கள் கூட்டம் தாங்கவில்லை என்று குறைப்படுவதுண்டு. கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்தவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பவும், ஊர்க்காரனைப் பார்க்கவும், நம்மூர்ச் சோறு சாப்பிடவும் கூடும் கூட்டம் அது. நம் தெருவிலிருந்து போன பையனும் அதில் நிற்கலாம். மூக்கைச் சுளிக்காமல் அவர்களோடு ஒரு டீ குடிக்க முடிந்தால் அந்த ஊரைப் பாதி அறிந்தாயிற்று.

இருப்பதே ஒரு வாரம், அவ்வளவு செலவு செய்து போய் கோபுரத்தையும் கடற்கரைத் தோட்டத்தையும் பார்க்காமல் வருவதா என்று கேட்கலாம். பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளின் ஆசையும் ஒரு நியாயம், ஊரில் கேட்பவர்களுக்குக் காட்டப் படமும் வேண்டும். ஏழு நாளில் இரண்டு நாளை அதற்குக் கொடுங்கள். ஆனால் அந்த இரண்டு நாளுக்கு உறவினர் தேவையில்லை, ஒரு ரயில் அட்டையும் வரைபடமும் போதும். அவர்களை லீவு எடுக்கவைத்து அங்கே இழுத்துக்கொண்டு போகாமல் நீங்களே போய் வாருங்கள். அவர்கள் கூட வந்தால்தான் திறக்கும் கதவுகளுக்கு மற்ற நாட்களை வையுங்கள். உறவினர் எப்போதும் வீட்டில்தான் சாப்பிடுவார், கடைத்தெருவே தெரியாது என்றால், அவர் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறினாலும் எந்தக் கடையில் பராட்டா நல்லது என்பது தெரியும். அந்தப் பேரனோடு தாத்தா ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு தட்டைப் பகிர்ந்துகொள்வதற்கு இரண்டு பேருக்கும் பொதுவான மொழி அதிகம் தேவைப்படாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திரும்பி வந்த பிறகு, நீங்கள் சாப்பிட்ட கடை, நின்ற சந்தை, நடந்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்துப் போகிற சம்பந்திக்கு அது உதவும். அதன் பக்கத்திலேயே நம் செவ்வாய்க்கிழமையையும் எழுதுங்கள்: காசிமேட்டில் ஏலம் சூடு பிடிக்கும் நேரம், ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது என்ற குறிப்பு, எம்.சி. ரோட்டில் கூட்டம் குறைந்த வேளை, அத்தோ வண்டி வந்து நிற்கும் மாலை. அடுத்த முறை பினாங்கிலிருந்து மச்சான் வந்தால் முதல் நாளே அவரை மாலுக்குக் கூட்டிப்போக வேண்டாம். செகண்ட் லைன் பீச்சில் நிற்க வைத்து, வாழைத்தண்டு சூப்போடு ஒரு தட்டு கொடுங்கள். நாசி கந்தர் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அந்தப் புளிப்பும் பூண்டு வாசமும் எங்கிருந்து கப்பலேறி வந்தவை என்று சொல்லுங்கள். அவர் வீட்டுச் செவ்வாய்க்கிழமையை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நம் வீட்டுச் செவ்வாய்க்கிழமையையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.